கறையைக் காணோம்

வண்டி வாடகைக் கம்பெனிக்கு நான் கட்ட வேண்டியிருந்த பாக்கி இருபத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு. நான் கொடுத்து வைத்திருந்த டெபாசிட் எண்பதாயிரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இது. எதற்கு என்று கேட்டால், வண்டியைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்ததற்கு.

நான் ரோடு ரோலர் ஓட்டுகிறவன். தார் கொட்டிக்கொண்டு முன்னால் போகிறவர்களுக்குப் பின்னால், நடக்கிற ஆளின் வேகத்தில், முன்னும் பின்னுமாக அமுக்கிக்கொண்டே போவது என் வேலை. எத்தனையோ ஊர்களுக்கு ரோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த ஊர்களுக்குள் போனதில்லை. ஊர் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் காண்டிராக்ட் முடிந்துவிடும். மனைவிக்கு ஆபீஸ் கட்டடங்களில் துப்புரவு வேலை. ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு.

நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். அட்வான்ஸைக் கையில் கொடுத்து, தேதி சொல்லி, காலி பண்ணச் சொன்னார். வேறு வீடு பார்த்துவிட்டோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வருகிறது. அதற்கு மேல் வீட்டிடம் என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் இந்த வீட்டை விடுகிற தேதிக்கும் அந்த வீடு காலியாகிற தேதிக்கும் நடுவே பத்து நாள் இருந்தது. சாமான்களையெல்லாம் என் மச்சினன் அறையில் கொண்டுபோய் அடுக்கினோம். அடுக்கி முடித்தபோது அங்கே அவனுக்கே படுக்க இடமில்லை.

இந்த மச்சினனுக்கு வீட்டில் 'சுருக்குவழி' என்று பெயர். எதற்கும் ஒரு சுருக்குவழி வைத்திருப்பான். அதில் போனால் சுற்றுவழியைவிட இரண்டு மடங்கு தூரம் ஆகும். ஆனாலும் அவன் சொல்லும்போது நம்பத் தோன்றும்.

"லாட்ஜுல மூணு பேர் பத்து நாள் தங்கினா எவ்வளவு ஆகும்னு யோசிச்சீங்களா மாமா? கேரவன் எடுங்க. இப்ப சீசன் இல்ல, பாதி வாடகை. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்கு. எண்பதாயிரம் டெபாசிட் கேப்பாங்க. வண்டிய விட்டதும் கையோட திருப்பித் தந்துடுவாங்க. அதை அப்படியே கொண்டுபோய் புது வீட்டுக்காரம்மாகிட்ட அட்வான்ஸ் குடுத்துடுங்க."

"கேரவன்னா சினிமாக்காரங்க உக்காருவாங்களே, அதுவா?" என்றாள் மனைவி.

"அதேதான்க்கா. நீயும் பத்து நாள் உக்காந்து பாரு."

"உக்காரச் சொல்ற முதல் ஆள் நீதான்டா" என்றாள் அவள்.

புது வீட்டுக்காரம்மா கறார். பதினைந்தாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குள் எண்பதாயிரம் கைக்கு வந்தால் சாவி. வராவிட்டால் அடுத்த ஆள் தயாராக நிற்கிறார். ஆக, எங்கள் வீடு இப்போது ஒரு வட்டம் போட்டு ஓடப் போகிற எண்பதாயிரமாக இருந்தது.

கேரவன் கம்பெனியின் ஆபீஸ் சுவர் முழுக்க மலை, கடல், சிரிக்கிற குடும்பங்கள். கவுண்டரில் இருந்த பெண்ணும் சிரித்தபடியே இருந்தாள். நாங்கள் உட்காருவதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தாள், எங்களுக்குப் பின்னாலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தும் சிரித்தாள்.

"எதுக்காக எடுக்கறீங்க?"

"தங்கறதுக்கு" என்றேன்.

சிரிப்பு அப்படியே இருந்தது. பேனா மட்டும் நின்றுவிட்டது. "தங்கறதுக்கெல்லாம் குடுக்கறதில்லைங்க. சந்தோஷத்துக்கு மட்டும்தான்."

கூட வந்திருந்த சுருக்குவழி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். "சந்தோஷத்துக்குத்தான் மேடம். அவருக்கு அதைச் சொல்ற பழக்கம் இல்ல."

"நல்லது. இன்னொண்ணு, நாங்க வண்டின்னு சொல்றதில்ல. நடமாடும் இல்லம். ஆனா இல்லத்துல குடியிருக்கக் கூடாது. குடியிருந்தா அது வண்டி ஆயிடும். வண்டில குடியிருக்கறது விதிமீறல்."

"குடியிருக்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கு இல்லம்னு பேரு?" என்றாள் மகள்.

"அது ஒரு உணர்வும்மா."

பிறகு என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தாள். கனரக வண்டி என்று போட்டிருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. விபத்து உண்டா என்று கேட்டாள். முப்பது வருஷமாக ஒரு விபத்தும் இல்லை என்றேன். "அபாரம். எந்த வண்டி ஓட்டறீங்க?" ரோடு ரோலர் என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டு, 'அதிக வேகப் பிரியர் அல்ல' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள்.

ஒப்பந்தம் முப்பத்தாறு பக்கம். எல்லோரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடுவார்களாம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே நாற்பது வயதுக்கு மேல். படிக்கக் கிடைத்ததைப் படிக்காமல் விட எனக்கு மனசு வராது. அதனால் உட்கார்ந்து முதல் பக்கத்தில் தொடங்கினேன். கவுண்டர் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தபோது நான் ஐந்தாம் பக்கத்தில் இருந்தேன். எழுத்தெல்லாம் புரிந்தது. அவற்றைச் சேர்த்துவைத்து என்ன சொல்கிறார்கள் என்பது மட்டும் புரியவில்லை. ஒரே ஒரு வரி நன்றாகப் புரிந்தது. 'இல்லத்தை எடுத்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும்.' நியாயம்தானே என்று நினைத்தேன். மீதிப் பக்கங்களை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு அரைமணி நேரம் மகிழ்ச்சி அறிமுக வகுப்பு. ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பது எப்படி என்று கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் சொல்லிக் கொடுத்தார். தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும், கண்ணைச் சுருக்க வேண்டும், தூரத்தில் ஏதோ இருப்பது போல் பார்க்க வேண்டும். மனைவி சாய்த்த தலையோடு தூங்கிப்போனாள். அவர் அவளைத்தான் மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார்.

வகுப்பு முடிந்து முற்றத்துக்கு வந்தோம். முப்பது கேரவன்கள் வரிசையாக நின்றன. எங்களுடையதன் பக்கத்தில் டார்ச்சும் அளவு நாடாவுமாக ஒருவர் காத்திருந்தார். அவர் நிலைமை அதிகாரி. வண்டி எந்த நிலைமையில் போகிறது, எந்த நிலைமையில் வருகிறது என்று பார்ப்பது அவர் வேலை. பம்பரில் ஒரு கீறல், கதவில் ஒரு நசுங்கல், கண்ணாடியில் ஒரு புள்ளி என்று சுறுசுறுப்பாக எழுதிக்கொண்டே போனார்.

மனைவி உள்ளே ஏறிப் போனவள், அங்கிருந்தே கூப்பிட்டாள். "இதை எழுதலையே."

"எதைம்மா?"

"இந்த மெத்தைல இருக்கற கறையை."

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து இருக்கை. மங்கலான பழுப்பில் கையகலத்துக்கு ஒரு கறை. அதிகாரி டார்ச்சை அணைத்தார். "அது யார் கண்ணுக்கும் தெரியாதும்மா."

"என் கண்ணுக்குத் தெரியுதே. நாளைக்கு நாங்க பண்ணினதுன்னு சொல்லிட்டா? எழுதிக்கோங்க."

பின்னால் காத்திருந்த வேறு இரண்டு குடும்பங்கள் எட்டிப் பார்த்தன. அவர் எழுதினார். படமும் எடுத்துக்கொண்டார். சொந்தப் பொருளை அடகுக் கடையில் வைக்கிறவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். 'கறை எண் நான்கு. கையகலம். முன்பே உள்ளது.' மனைவி அதை மகளை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கையெழுத்துப் போட விட்டாள்.

"இனிமே நம்ம தலைல கட்ட முடியாது" என்றாள் என்னிடம்.

விடுமுறை ஆரம்பித்தது. எனக்கு லீவு கிடையாது, அவளுக்கும் கிடையாது. ஆகவே மகளைப் பள்ளிக்கூடத்திலும் மனைவியை ஆபீஸ் கட்டடத்திலும் இறக்கிவிட்டு, ரோடு போடுகிற இடத்துக்குக் கேரவனை ஓட்டிக்கொண்டு வந்து ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கூட வேலை செய்கிறவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். "எந்திரிங்கப்பா, ஹீரோ வந்துட்டாரு, ஷாட் ரெடி" என்றான் ஒருவன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ரோலர் மேல் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது.

"வணக்கம், மகிழ்ச்சிப் பிரிவுலருந்து பேசறோம். நீங்க இப்ப எங்க சார் இருக்கீங்க?"

"ரோட்டுல."

"ரொம்ப நல்லது. ஆனா எங்க திரைல உங்க இல்லம் காலைலருந்து ஒரே இடத்துல நிக்குதே. நேத்தும் அங்கேதான் நின்னுது."

"இங்க... பார்க்க நிறைய இருக்கு."

"பின்னாடி என்ன சார் சத்தம்?"

"அருவி" என்றேன். தார் கலக்கும் இயந்திரம்.

மகிழ்ச்சிப் பிரிவுக்காரர் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. "சார், உங்களை நான் சந்தேகப்படல. ஆனா சில பேர் எங்க இல்லத்தை எடுத்துட்டுப் போய் குடியிருந்துடறாங்க. சமைக்கறாங்க, தூங்கறாங்க, காலைல வேலைக்குப் போறாங்க. கேக்கவே கஷ்டமா இருக்கு. நாங்க மகிழ்ச்சிய விக்கறவங்க. அதை வாங்கிட்டுப் போய் ஒருத்தர் சும்மா வாழ்ந்துட்டு வந்தா எங்களுக்கு எவ்வளவு அவமானம். அதனால இன்னைலருந்து தினமும் சாயங்காலம் ஒரு குடும்பப் படம் அனுப்புங்க. மார்க் போடுவோம். பத்துக்கு ஆறுக்குக் கீழ போனா குடியிருப்புன்னு முடிவு பண்ணி இல்லத்தைத் திரும்ப எடுத்துக்குவோம். டெபாசிட்டும் போயிடும்."

அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டாவது ஷிப்ட் ஆரம்பித்தது. வேலை முடிந்து நான் தார் நாற்றத்தோடு வருவேன். அவள் பினாயில் நாற்றத்தோடு வருவாள். மகள் வீட்டுப் பாடத்தோடு ஏறுவாள். ஒரு ஏரிக்கரையோ பூங்காவோ தேடிப் போய், வெளிச்சம் போவதற்குள் நின்று சிரிக்க வேண்டும். முதல் படத்துக்கு ஆறரை. 'தந்தையின் தோள்கள் தொங்குகின்றன' என்று குறிப்பு வந்தது. இரண்டாவதற்கு ஆறு. 'மகளின் சிரிப்பில் பல் போதவில்லை.'

"கணக்குப் பரீட்சைல கூட நான் இவ்வளவு கம்மியா வாங்கினதில்லப்பா" என்றாள் மகள்.

"அம்மா, நீ கொஞ்சம் சிரிச்சாத்தான் மார்க் ஏறும்" என்று அம்மாவிடம் திரும்பினாள்.

"ஏழு மாடி துடைச்சுட்டு வந்திருக்கேன். பல்லைக் காட்டச் சொன்னா காட்டறேன். அது சிரிப்புன்னு அவங்க நினைச்சுக்கிட்டா அது அவங்க பாடு."

படம் எடுத்த இடத்தில் தூங்க முடியாது. காவல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டுவார். அடுத்த இடம் போவோம். அங்கேயும் ஒரு காவல்காரர் இருப்பார். தூங்குவதற்கு ஊரில் ஒரு இடமும் இல்லாத வண்டிக்குள் மூன்று படுக்கைகள் விரித்தபடி இருந்தன. மகள் மேல் படுக்கையில் பாடம் படிக்கிற சத்தம் கேட்கும். மனைவி அந்த மேசையருகே உட்கார்ந்து, மெத்தையில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வீட்டுக்காரம்மா ஆறு மணி தாண்டினா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்க."

"அதான் யோசிக்கறேன்."

எப்படியோ ஆறு மார்க்குக்குக் கீழே போகாமல் பத்து நாளை ஓட்டினோம். பதினைந்தாம் தேதி நான் அரை நாள், அவள் முழு நாள் லீவு. விடிந்ததிலிருந்து அவள் கேரவனைக் கழுவினாள். தரை, அடுப்பு, குழாய், கண்ணாடி, கதவின் இடுக்கு. "அடுத்தவங்க பொருள். அழுக்கா குடுத்தா என்ன நினைப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். நான் வெளியே சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் எதைத் தேய்த்தாள், எதைத் தேய்க்கவில்லை என்று நான் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். பைகளை இறக்கி மதில் ஓரமாக வைத்தோம். நிலைமை அதிகாரி டார்ச்சோடு உள்ளே போனார். கீறல் இருந்தது. நசுங்கல் இருந்தது. புள்ளி இருந்தது. திடீரென்று உள்ளே சத்தம் நின்றுபோனது.

வெளியே வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. "கறை எங்க?"

"எது?" என்றேன்.

"கறை எண் நாலு. கையகலம். அதைக் காணோம்."

மனைவி முன்னால் வந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. மறைக்க முடியவில்லை. "போயிடுச்சுங்க. முதல்ல வெந்நீர், அப்புறம் சோப்பு, அப்புறம் ஒரு பழைய பல்தேய்க்கிற பிரஷ். லேசா விடாம தேய்ச்சா போயிடும். உங்க ஆளுங்க அழுத்தித் தேய்ச்சிருப்பாங்க, அதான் போகல."

"எங்க ஆளுங்க தேய்க்கவே இல்லைங்க" என்றார் அவர். "எட்டு வருஷமா அது மேல யார் கையும் பட விடல."

ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து விரித்தார்கள். எனக்குப் புரிந்த அந்த ஒரே வரியைச் சுட்டினார்கள். எடுத்த நிலையிலேயே. எடுக்கும்போது கறை இருந்தது, என் கையெழுத்தே சாட்சி. இப்போது இல்லை. எனவே சேதம்.

"சுத்தமா இருக்கறது எப்படிங்க சேதம்?" என்றேன்.

"சார், சுத்தம் அழுக்குன்றதெல்லாம் உங்க சொந்தக் கருத்து. நாங்க பாக்கறது நிலைமை. நிலைமை மாறியிருக்கு."

கணக்குப் பிரிவில் மொத்தம் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு என்று போட்டார்கள். கடைசிப் பதினேழு எதற்கு என்று கேட்டேன். கறையின் படத்தைப் பிரதி எடுத்த செலவாம். டெபாசிட் போக மிச்சத்தை அன்றே கட்டச் சொன்னார்கள்.

மனைவி மதில் ஓரம் போய்ப் பையின் மேல் உட்கார்ந்தாள். "நான்தானே எழுதச் சொன்னேன்" என்றாள். "நானே எழுதச் சொல்லி, நானே துடைச்சுட்டேன்."

"விடு."

"எப்படி விடறது? வீடு போச்சே."

நிலைமை அதிகாரி நல்லவர்தான். அவரே ஒரு வழி சொன்னார். மூன்று மணிக்குள் கறையைப் பழையபடி கொண்டுவந்துவிட்டால் சேதம் சரிசெய்யப்பட்டதாக எழுதுவார். மகள் ஓடிப்போய் டீ வாங்கி வந்தாள். மனைவியிடம் டம்ளரைக் கொடுத்தோம். அவள் மெத்தையின் மேல் கையைக் கொண்டுபோனாள். கை சாயவில்லை. "என்னால முடியலடி" என்று மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான்தான் ஊற்றினேன்.

அதிகாரி படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நிறம் இளசா இருக்கு. இது நேத்துக் கறை மாதிரி இருக்கு. அது பழுத்த கறை."

இருமல் மருந்தைக் கலந்து இன்னொன்று போட்டோம். "வடிவம் சரியில்ல. இடது பக்கம் ஒரு வளைவு வரணும்." இயந்திர எண்ணெயைத் தொட்டு வளைவோடு மூன்றாவதாக ஒன்று வைத்தேன். அவர் பெருமூச்சு விட்டார். "இதைக் கறைன்னு சொல்ல முடியாதுங்க. அழுக்கு." பிறகு மூன்று புதிய கறைகளையும் அளந்து, புதிய சேதம் என்று தலைக்கு ஒரு தொகை எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிப்பதற்குள் மனைவி பிரஷோடு வந்து மூன்றையும் எடுத்துவிட்டாள். கடன் பழைய இடத்திலேயே வந்து நின்றது.

வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். "பணம் கைல வந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார். வந்துகொண்டிருக்கிறது என்றேன். "இங்க ஒருத்தர் வந்து உக்காந்திருக்கார். ஆறு மணிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால அவருக்குப் பதில் சொல்ல முடியாது." போனை மகள் கையில் கொடுத்தேன்.

மேலாளரைப் பார்க்கப் போனேன். வெள்ளைத் தலை, சாந்தமான முகம். எழுந்து நின்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உட்காரச் சொன்னார். நாற்காலியில் தார் ஒட்டுமோ என்று நான் நுனியில் உட்கார்ந்தேன்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. எங்க வருத்தத்தையும் நீங்க புரிஞ்சுக்கணும். நாங்க வாடகைல பிழைக்கறவங்க இல்ல. அது ஆபீஸ் வாடகைக்கே பத்தாது. நாங்க பிழைக்கறது நம்பிக்கைல. ஒரு குடும்பம் திரும்பி வருது. களைச்சுப் போயிருக்கும், பஸ்ஸுக்கு நேரமாச்சு, சின்னது அழுவுது. அப்ப நாங்க ஒரு கறையக் காட்டறோம். அவர் மனைவிய ஒரு பார்வை பாக்கறார், மனைவி பிள்ளைய ஒரு பார்வை பாக்கறாங்க. நம்மள்ல யாரோதான் பண்ணியிருக்கோம்னு அவங்களே முடிவு பண்ணிக்கறாங்க. பேசாம கட்டிட்டுப் போறாங்க. அந்த ஒரு கறைக்கு இதுவரைக்கும் இருநூத்துச் சொச்சம் குடும்பம் கட்டியிருக்கு. மனுஷன் மேல மனுஷனுக்கு இருக்கற அந்த நம்பிக்கைய உங்க வீட்டம்மா ஒரு பிரஷ் வச்சுத் தேய்ச்சுட்டாங்க."

"அவ கெட்ட எண்ணத்துல செய்யலைங்க" என்றேன். அவர் பேச்சில் எனக்கே குற்ற உணர்வு வந்துவிட்டது.

"தெரியும். அதனாலதான் வட்டி போடல."

அப்போது முற்றத்திலிருந்து யாரோ ஓடிவரும் சத்தம். நிலைமை அதிகாரி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். "சார், அந்தம்மா."

நாங்கள் வெளியே ஓடினோம். மனைவி முற்றத்துக் குழாயில் வாளியை நிரப்பிக்கொண்டு, திறந்து கிடந்த கேரவன்களுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். புடவையை இடுப்பில் செருகியிருந்தாள். மூன்று முடித்துவிட்டு நான்காவதில் இருந்தாள். மகள் அவளுக்குத் தண்ணீர் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன பண்றீங்க?" என்றார் மேலாளர்.

"எல்லாத்துலயும் இருக்குங்க" என்றாள் அவள், தேய்ப்பதை நிறுத்தாமல். "ஒண்ணுல மெத்தைல, ஒண்ணுல திரைல, இதுல தரைல. உங்ககிட்ட முப்பதாயிரம் கடன்பட்டிருக்கோம். குடுக்கறதுக்கு எங்ககிட்ட காசு இல்ல. எனக்குத் தெரிஞ்சது இந்த வேலைதான். செஞ்சு கழிச்சுடறேன். சாயங்காலத்துக்குள்ள முப்பது வண்டியும் முடிச்சுடுவேன்."

அவள் அதை நிஜமாகச் சொன்னாளா, கிண்டலாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "கடன்னா கட்ட வேண்டாமா?" என்று மட்டும் சொல்கிறாள்.

மேலாளர் சாந்தம் கலையாமல் நிற்கப் பார்த்தார். ஆனால் கண் வரிசையாக நின்ற கேரவன்களின் மேல் ஓடியது. வாய்க்குள் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். மனைவி நான்காவதை முடித்து வாளியைத் தூக்கினாள். ஐந்தாவதன் படியில் கால் வைத்தாள்.

"நிறுத்துங்கம்மா. கடன் இல்ல. ஒண்ணும் இல்ல. தள்ளுபடி பண்ணிடறோம்."

"டெபாசிட்டு?"

"அதையும் குடுத்துடறோம். முதல்ல வாளியக் கீழ வைங்க."

அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே ஆபீசுக்குள் வந்தாள். தரையில் தண்ணீர் சொட்டியது.

தள்ளுபடி அவ்வளவு சுலபமில்லை என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. கவுண்டர் பெண் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்த்தாள். வாடிக்கையாளர் மேல் தப்பில்லை என்று ஒரு கடனைத் தள்ளுபடி செய்ய அதில் வழியே இல்லை. அப்படி ஒன்று வரும் என்று கம்பெனி எதிர்பார்க்கவில்லை. இரண்டே காரணங்கள் இருந்தன.

"ஒண்ணு, வாடிக்கையாளர் முகவரி இல்லாதவர்" என்று மேலாளர் விளக்கினார். "அப்படிப் போட்டா பாக்கி தள்ளுபடி ஆயிடும். ஆனா டெபாசிட்டை அனுப்ப இடம் இல்லேன்னு அது கம்பெனிக்கே வந்துடும். இன்னொண்ணு, வாடிக்கையாளர் இறந்துட்டார். அதுல பாக்கியும் போயிடும், டெபாசிட்டை வாரிசு கைல உடனே குடுக்கலாம். எதைப் போடறதுன்னு நீங்களே சொல்லுங்க. நாங்க யாரையும் வற்புறுத்தறதில்ல."

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது. சுவரில் இருந்த குடும்பங்களெல்லாம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. நான் மனைவியைப் பார்த்தேன்.

"இறந்துட்டார்னு போடுங்க" என்றாள்.

"அம்மா" என்றாள் மகள்.

"சும்மா இரு. அவங்க எழுதறதால உங்கப்பா செத்துடப் போறாரா? முகவரி இல்லன்னு மட்டும் எழுத வேண்டாம். ஆறு மணிக்கு எங்களுக்கு முகவரி இருக்கும்." சொல்லும்போது குரல் கெட்டியாகத்தான் இருந்தது. வாளியின் கைப்பிடியை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

கவுண்டர் பெண் ஒரு விசையை அழுத்தினாள். நான் இறந்தேன். பாக்கி என்ற இடத்தில் சைபர் வந்தது.

மேலாளர் எழுந்து நின்றார். இந்தக் கட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று விதியாம். "எங்கள் நிறுவனத்தின் சார்பில் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு, நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, என்னிடமும் சொன்னார். நன்றி என்றேன். மனைவி வாரிசு என்று கையெழுத்துப் போட்டுப் பணத்தை எண்ணி வாங்கினாள். இரண்டாவது தடவை மகள் எண்ணினாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள் கவுண்டர் பெண், அதே சிரிப்போடு. "இறந்தவரை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பேனாவை வாங்கினேன்.

என் பெயரை நான் ஒவ்வொரு எழுத்தாகத்தான் போடுவேன். முதல் எழுத்தைப் போட்டு, இரண்டாவதற்குச் சுழி வளைத்துக்கொண்டிருக்கும்போது மனைவி பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் வேகமாப் போடுங்க" என்றாள். "அஞ்சரை ஆயிடுச்சு."